நிழற்குடையில் எழுதிய பெயர்

கௌதமி, ராகுல், நான் வெளிநாட்டு வேலை முடிந்து வந்து இறங்கியதும் நீங்கள் இரண்டு பேரும் கேட்டது ஒரே கேள்விதான். "இன்னா வாங்கினு வந்த நைனா?" காய வைத்த மாம்பழத் துண்டும் ஆளுக்கு ஒரு பனியனும் கொடுத்தேன். அதற்கு மேல் நீங்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். வாயால் சொல்ல ஆரம்பித்தால் கிரேன், போல்ட், கிரீஸ் என்று வேலைக் கதையாகப் போய்விடும். எழுதினால் கொஞ்சம் நிதானம் வருகிறது. அதனால் எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் சாப்பிடும்போது நடந்த பேச்சு உங்களுக்கு நினைவிருக்கும். நான் திரும்பி வந்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை நம் குடியிருப்போர் சங்கத்துக்குத் தேர்தல். எர்ணாவூரில் இந்த நாலு பிளாக்கைக் கட்டி நமக்கெல்லாம் வீடு ஒதுக்கிய நாளிலிருந்து நான்தான் தலைவர். தேர்தல் என்று சொல்வதே அதிகம். கூடுவோம். யாராவது ஒருவர் "தொரை அண்ணனே இருக்கட்டும்" என்பார். கை தட்டுவார்கள். போண்டா சாப்பிட்டுக் கலைவார்கள். இந்தத் தடவை பி பிளாக் பர்வீன் எதிரே நிற்கப் போவதாகப் பேச்சு. தண்டையார்பேட்டை மருந்துக் கடையில் வேலை பார்க்கிற பெண். அதைச் சொல்லி நான் சிரித்தேன். கௌதமி, நீ சிரிக்கவில்லை.

"போதும் நைனா, வுட்ரு. அந்தக்கா பாத்துக்கட்டும்."

"இன்னா போதும்? நான் இல்லன்னா நாலு பிளாக்குக்கும் தண்ணி ஏறுமா?"

"நீ கீறதாலதான் ஏற மாட்டேங்குது. நீ வேலைக்குப் போனா சாவியும் உன்கூடவே பூடுது."

"துன்ற நேரத்துல இன்னாத்துக்கு பேஜாரு" என்று உங்கள் அம்மா குழம்பை ஊற்றிப் பேச்சை முடித்துவிட்டாள்.

நீ சொன்னது மோட்டார் ரூம் சாவியை. தரைக்குக் கீழே இருக்கிற தொட்டியில் விழுகிற தண்ணீரை மாடித் தொட்டிக்கு ஏற்றுகிற மோட்டார் அந்த ரூமில் இருக்கிறது. குடி வந்த புதிதில் யாரோ தண்ணீர் இல்லாமலே மோட்டாரை ஓட விட்டு, உள்ளே கம்பிச் சுருள் கருகிப்போனது. அன்றைக்கு நான் ஒரு முடிவு செய்தேன். ஒரே பூட்டு, ஒரே சாவி, அது என் அரைஞாண் கயிற்றில். குளிக்கும்போதும் கழற்ற மாட்டேன். கதவில் நீலப் பெயிண்டில் நானே எழுதினேன்: "தண்ணீர் காலை, மாலை ஆறு மணி. சாவிக்கு: தலைவர் துரை, ஏ பிளாக்."

போன இடம் பிலிப்பைன்ஸ் நாட்டில் ஒரு சின்னத் துறைமுக ஊர். நம் பக்கம் ஓடிக் கழித்த பழைய கிரேன் ஒன்றை அவர்கள் வாங்கியிருந்தார்கள். பிரித்து அனுப்பியதைத் திரும்பச் சேர்த்துப் பூட்டி, ஓட்டிக் காட்டிவிட்டு வர காண்டிராக்டர் என்னை அனுப்பினார். மீனம்பாக்கத்தில் சோதனை வாசலைத் தாண்டும்போது இடுப்பில் மெஷின் கத்தியது. சட்டையைத் தூக்கிக் காட்டினேன். காவலுக்கு நின்ற வடநாட்டுப் பிள்ளை சிரித்துவிட்டு "ஜாவ் அங்கிள்" என்று உள்ளே அனுப்பினான். அப்போது கூட, ஐயோ சாவியை எடுத்துக்கொண்டு போகிறோமே என்று எனக்கு உறைக்கவில்லை. சாவி இருக்கிறது என்று தெரிந்தால்தானே உறைக்கும்? கை காலை வீட்டில் வைத்துவிட்டு வந்தோமா என்று யாராவது யோசிப்பார்களா?

அங்கே போய்ச் சேர்ந்து போனை ஆன் செய்ததும் முதலில் வந்த குரல் உன்னுடையது, கௌதமி.

"நைனா, சாவி எங்க வெச்ச?"

இடுப்பைத் தொட்டேன். அப்படியே அந்த ஊர்ப் பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"பூட்ட ஒடைக்க வேணாம்னு சொல்லு. நல்ல பூட்டு. கேன் தண்ணி வாங்கிக்கச் சொல்லு, நான் ஏதாவது பண்றேன்" என்றேன். கடலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு என்ன பண்ணுவேன் என்று நீ கேட்கவில்லை. "சரி" என்று வைத்துவிட்டாய். அந்த "சரி" எனக்கு ராத்திரி முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தது. நாலு பிளாக் ஜனம் குடத்தோடு நிற்பது கண்ணிலேயே நின்றது.

மறுநாள் வேலைக்குப் போகிற வேனை ஓட்டி வந்தவன் பெயர் ஜூன். முப்பது வயசு இருக்கும். அவனுக்கும் எனக்கும் நடுவே ஓடியது அரைகுறை இங்கிலீஷ். அங்கே அவர்கள் பேசியதையெல்லாம் நான் நம் பேச்சில் எழுதுகிறேன், தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்கு நான் கவலைப்பட்டது வீண். மூன்று வேளையும் சோறு. முதல் நாள் மத்தியானம் ஒரு கிண்ணத்தில் ஏதோ குழம்பு வைத்தார்கள். வாயில் வைத்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புளி! இறாலும் கீரைத் தண்டும் போட்ட புளி ரசம். சினிகாங் என்கிறார்கள். காலையில் கருவாடு பொரித்துப் பழைய சோற்றைப் பூண்டு போட்டு வதக்கித் தருகிறார்கள். வாசனை வந்தபோது மனசால் காசிமேட்டு மீன் துறைமுகத்துக்கே போய்விட்டு வந்தேன். காரம் மட்டும் கிடையாது. அம்மா கட்டிக் கொடுத்த மிளகாய்ப் பொடியை ஜூன் கொஞ்சம் நக்கிப் பார்த்துவிட்டு, "இதைப் போட்டால் இஞ்சினே ஓடும்" என்றான்.

அப்புறம் ஒரு நாள் வேன் ரிப்பேர். ஜீப்னியில் போனோம். நீளமான ஜீப்பு, எதிரும் புதிருமாகப் பெஞ்சு, மேலெல்லாம் வர்ணம். கண்டக்டர் கிடையாது. பின்னால் ஏறியவன் காசை முன்னால் நீட்டுகிறான், அது கை மாறிக் கை மாறி டிரைவரிடம் போகிறது, சில்லறை அதே வழியில் திரும்பி வருகிறது. நம் பஸ்ஸில் "ஒரு கல்மண்டபம் பாஸ் பண்ணுங்க" என்போமே, அதேதான். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. முழங்கால் தண்ணீரில் வண்டி நின்றது. துறைமுகம் அதோ தெரிகிறது, போக முடியவில்லை. சிக்னல் கிடைக்காமல் பேசின் பிரிட்ஜில் ரயில் நிற்கும்போது, சென்ட்ரலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்போமில்லையா, அந்த மாதிரி. இறங்கி ஓடி ஒரு பஸ் நிழற்குடையில் ஒதுங்கினோம்.

அந்த நிழற்குடையில்தான் நான் அந்தப் பெயரைப் பார்த்தேன். நெற்றியில் பெரிய எழுத்து. தூணில் ஒன்று. உட்காருகிற சிமெண்ட் பெஞ்சின் முதுகில் ஒன்று. யோசித்துப் பார்த்தால் பாலத்திலும் பள்ளிக்கூடத்துச் சுவரிலும் ஆம்புலன்ஸ் கதவிலும் அதே பெயர்தான். நம் ஊரிலும் நிழற்குடையில் யார் நிதி என்று எழுதுவார்கள். ஆனால் தேர்தல் வந்தால் பேப்பர் ஒட்டி மறைப்பார்கள், ஆள் மாறினால் அழித்துப் புதுப் பெயர் எழுதுவார்கள். இங்கே அழித்த தடமே இல்லை.

"யாருப்பா இது?" என்றேன்.

"எங்க நினோங்" என்றான் ஜூன்.

நினோங் என்றால் ஞானத் தகப்பன். பிள்ளைக்கு ஞானஸ்நானம் செய்யும்போதும் கல்யாணத்தின்போதும் பெரிய மனுஷர் ஒருவர் பக்கத்தில் நின்று பொறுப்பு ஏற்றுக்கொள்வார். அந்த ஊரில் பாதிப் பேருக்கு இந்த ஒருவரே நினோங். அவருடைய சொந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. பெரியவர் என்றே சொல்கிறேன்.

மழை விடுகிற வரை ஜூன் அவர் கதையைச் சொன்னான். துறைமுகக் கூலிகளுக்குக் காசு வாங்காமல் வழக்காடிய சின்ன வக்கீலாகத் தொடங்கினாராம். அப்புறம் ஊர் மன்றம். அப்புறம் அந்த நாட்டுக் கீழ்ச்சபை. அங்கேயும் சும்மா உட்காரவில்லை, பெரும்பான்மைத் தலைவர் ஆனார். அது என்ன வேலை என்றால், எந்த மசோதா இன்றைக்குப் பேச்சுக்கு வர வேண்டும், எது அலமாரியில் தூங்க வேண்டும், யார் முதலில் எழுந்து பேசலாம் என்று வரிசை வைக்கிற வேலை. தண்ணீர் லாரி வந்தால் குடத்தை வரிசை வைக்க ஒரு ஆள் வேண்டுமில்லையா? சண்டையும் வரக் கூடாது, வாளியும் உடையக் கூடாது. அந்த ஆள்தான் அவர். ஜனாதிபதிகள் மாறினார்கள், கட்சிகள் மாறின, வரிசை வைக்கிற ஆள் மட்டும் திரும்பத் திரும்ப அவரேதான். எதிர்க்கட்சிக்காரனை ஒரு வார்த்தை கடிந்து பேச மாட்டாராம். வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டு, எலும்பைக் கடிக்கிற நேரத்தில் காரியத்தை முடித்துவிடுவாராம். கப்பல் வேலைக்குப் போய்ச் செத்தவர்களின் குடும்பத்துக்காக ஒரு சட்டம் வந்தபோது, சபையில் ஆள் சேரும் வரைக்கும் பேச்சை நீட்டிக்கொண்டே நின்றாராம். அந்த ஊரில் வீட்டுக்கு ஒருவர் கப்பலில் இருக்கிறார். மறப்பார்களா?

"ஒரே ஆளு தொடர்ச்சியா அவ்ளோ நாளு நிக்க வுடுவாங்களா?" என்று கேட்டேன்.

"விட மாட்டாங்க. மூணு தடவைக்கு மேல தொடர்ந்து நிக்கக் கூடாதுன்னு சட்டம். அதனால நடுவுல ஒரு தடவை அவர் சம்சாரம் நின்னாங்க. அப்புறம் மறுபடியும் இவர்."

எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. நம் ஆட்கள் பஸ் ஜன்னல் வழியாகத் துண்டை வீசி சீட்டுப் பிடிப்பார்களே, அது. நான் என் தோள் துண்டை பெஞ்சில் போட்டுக் காட்டினேன். ஜூன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்து முடித்ததும் அக்கம் பக்கம் பார்த்தான்.

"உனுக்கு அவரப் புடிக்குமா?"

"எங்கம்மா செத்தப்போ சவப்பெட்டி அவர் வாங்கித் தந்தது. இந்த வேலை அவர் சிபாரிசு. என் பொண்ணுக்கும் அவர்தான் நினோங்."

"நான் அத கேக்கல."

தண்ணீரில் மிதந்து போன ஒரு செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "எங்க தெருவுல ஒரு பள்ளிக்கூட டீச்சர் போன தடவை அவருக்கு எதிரா நின்னாங்க. நல்லவங்க. எனக்கு அவங்களுக்குப் போடணும்னுதான் இருந்தது. ஓட்டுப் பெட்டிக்குப் பக்கத்துல போனேன். எங்கம்மா முகம் ஞாபகம் வந்துச்சு. அவர் ஒரு நாளும் ஓட்டுப் போடுன்னு எங்கிட்டக் கேட்டதில்ல. அதான் கஷ்டம். கேட்டிருந்தா மாட்டேன்னு சொல்லியிருப்பேன்."

நான் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன். எனக்கு ஏனோ நம் சங்கத்துக் கூட்டத்தில் கை தட்டுகிறவர்களின் முகம் ஒவ்வொன்றாக வந்தது. யார் வீட்டுக்கு ரேஷன் கார்டு வாங்கிக் கொடுத்தேன், யார் வீட்டுச் சாவுக்கு வண்டி பிடித்தேன் என்று முகத்தோடு சேர்ந்தே வந்தது.

பெரியவரை நேரில் பார்த்தது ஒரு சாவு வீட்டில். எங்களோடு வேலை பார்த்த மேஸ்திரியின் அப்பா இறந்துபோனார். கப்பலில் இருக்கிற இன்னொரு மகன் வந்து சேரும் வரை எடுக்க மாட்டார்கள். நாள் கணக்கில் பெட்டியை வீட்டிலேயே வைத்து, கண்ணாடி வழியாக முகம் தெரிகிறபடி விளக்குப் போட்டிருந்தார்கள். பறை கிடையாது, ஒப்பாரி கிடையாது. வாசலில் பந்தல் போட்டு, பிஸ்கட்டும் காபியும் கொடுத்து, ஜனங்கள் மேஜை மேஜையாகச் சீட்டு ஆடுகிறார்கள். ஆட்டத்தில் ஜெயித்தவன் ஒரு பங்கைச் சாவு வீட்டுக்குத் தருகிறான். நம் ஊரில் சாவு வீட்டில் சீட்டாடினால் அம்மா துடைப்பத்தை எடுப்பாள். இங்கே அந்த வீட்டம்மாவே வந்து, "துணைக்கு ஆள் இருக்கிற சத்தம் கேக்கணும், ஆடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் ஒரு கார் வந்தது. சத்தம் அடங்கியது. இரண்டு பேர் பிடித்து இறக்க, நாலு கால் ஊன்றுகோலோடு ஒரு ஒல்லியான கிழவர். சட்டைக் காலர் கழுத்துக்குப் பெரிதாக இருந்தது. நேராகப் பெட்டிக்குப் போனார். இறந்தவரைச் செல்லப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவருக்கே தெரிந்திருந்தது. மேஸ்திரி அங்கேதான் முதல் தடவை அழுதார். பொய்யான மனுஷருக்கு அப்படி வராது, அதையும் சொல்ல வேண்டும்.

மின்விசிறி இருந்தது என் மேஜைக்கு மேல். அதனால் அவரை என் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். ஜூன் குனிந்து அவர் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டான். அது அவர்கள் காலில் விழுகிற முறை. அப்புறம் வரிசை தொடங்கியது. ஒரு அம்மாவுக்குக் காலேஜ் சீட்டு. ஒருவருக்கு ஆஸ்பத்திரி பில். ஒரு ஆள் கூரைத் தகடு வேண்டும் என்றார். பெரியவர் ஒவ்வொருவருக்கும் தலையாட்டினார். ஆட்டும்போதே கண் மூடிக்கொண்டு வந்தது. கோப்பை சாய்ந்து, காபி தட்டில் சிந்தியது. நான் என் துண்டால் துடைத்தேன். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நீ என்ன கேட்க வந்தே?" என்றார்.

"இண்டியாங்க. கிரேன் வேலை. எதுவும் வேணாங்க" என்றேன். அவருக்கு அது ஏதோ புதிதாக இருந்தது போல. "எதுவும் வேண்டாமா?" என்றார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "ஒரே ஒண்ணு கேக்கறேன். உங்களுக்கு அப்புறம் யாருங்க?"

ஜூன் மேஜைக்குக் கீழே என் காலை மிதித்தான். பெரியவருக்குக் காது நன்றாகவே கேட்டது. பந்தலை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"இந்த ஊர்ல எங்கிட்ட ஏதாவது கேக்காத வீடே இல்ல. வேலை கேட்டாங்க. பாலம் கேட்டாங்க. சவப்பெட்டி கேட்டாங்க. எல்லாம் குடுத்தேன். போதும், வீட்டுக்குப் போய்த் தூங்குன்னு மட்டும் ஒருத்தரும் கேக்கல. கேட்டிருந்தா அதையும் குடுத்திருப்பேன்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அவர் சிரித்ததால் எல்லாரும் சிரித்தார்கள். ஜூன் சிரிக்கவில்லை. எனக்கும் வரவில்லை. குழம்பு பிசைந்த கையோடு நீ சொன்னது எனக்குக் கேட்டது, கௌதமி. "போதும் நைனா."

அன்றைக்கே அம்மாவுக்குப் போன் போட்டேன். "தண்ணிக்கு இன்னா பண்றீங்க?"

"அதெல்லாம் அன்னிக்கே பூட்ட ஒடைச்சாச்சு. பர்வீன் புதுப் பூட்டு வாங்கியாந்துச்சு. மூணு சாவி. மூணு வூட்ல கீது. யார் வூட்ல இருந்தாலும் மோட்டார் போட்டுக்கலாம். தொட்டில தண்ணி இல்லன்னா தானா நின்னுபோற மாதிரி ஒரு பொட்டி வெச்சிக்கீறாங்க. கருகாதாம்."

"என்னாண்ட யாரும் சொல்லவே இல்லையே?"

"நீ மனசு ஒடிஞ்சி பூடுவன்னுதான்."

அந்தப் பேச்சு என்னைப் பலமாக அடித்தது. பூட்டை உடைத்தது அல்ல. நான் ஒடிந்துவிடுவேன் என்று நாலு பிளாக்கும் சேர்ந்து வாயை மூடிக்கொண்டிருந்தது. ஜூன் அக்கம் பக்கம் பார்த்துவிட்டுப் பேசினானே, நம் வீட்டு வாசலிலும் அப்படித்தான் பேசுகிறார்களோ?

கிரேன் நன்றாக ஓடியது. ஜூன் என்னை வழியனுப்பும்போது, மிச்சமிருந்த மிளகாய்ப் பொடியைக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நீங்கள் வரவில்லை, அதனால் சொல்கிறேன். வழக்கம்போல சி பிளாக் கஜா எழுந்தான். "தொரை அண்ணனே இருக்கட்டும், இன்னா சொல்றீங்க?" கை தட்டல் தொடங்கியது. நான் எழுந்து நின்று, "போதும்பா, நான் வுட்டுட்றேன். பர்வீனே இருக்கட்டும்" என்றேன். பெரிய மனசு என்று எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது.

பர்வீன் எழுந்தாள். "வேணாண்ணா. நீங்க தூக்கிக் குடுத்தா அதுவும் உங்க பேர்லதான் இருக்கும். நாளைக்கு நான் இன்னா செஞ்சாலும், தொரை அண்ணன் குடுத்ததும்பாங்க. நீங்களும் நில்லுங்க. ஜனம் கை தூக்கட்டும்."

"யம்மாடி, இன்னா பேச்சு பேசுது பாரு" என்றான் கஜா.

"நீ குந்து மாமு, உன் கையையும் எண்ணணும்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சூடாகிப்போனது. ஆனால் அவள் சொன்னது சரி. துண்டைப் பெண்டாட்டி போட்டாலும் பிள்ளை போட்டாலும் துண்டு பெரியவருடையதுதானே?

நின்றேன். கை தூக்கினார்கள். எனக்கும் நிறையக் கை இருந்தது. அவளுக்குக் கொஞ்சம் கூட இருந்தது. அம்மா யாருக்குத் தூக்கினாள் என்று நான் பார்க்கவில்லை, நீங்களும் கேட்காதீர்கள். போண்டா எப்போதும் போல இருந்தது.

இனி எழுதுவது உங்களுக்குத் தெரியாது. அன்று மத்தியானம் எல்லாரும் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார்கள். வெயிலில் நான் மட்டும் மோட்டார் ரூமுக்குப் போனேன். புதுப் பூட்டு பளபளவென்று தொங்கியது. அரைஞாணிலிருந்து பழைய சாவியை அவிழ்த்தேன். கயிறு இறுக்கிய இடத்தில் தோல் வெளுத்திருந்தது. சாவியின் பல்லைக் கதவில் வைத்து நீலப் பெயிண்டைச் சுரண்டத் தொடங்கினேன். "ஏ பிளாக்" சுலபமாக வந்துவிட்டது. "துரை" வரக் கொஞ்சம் நேரம் எடுத்தது. "தலைவர்" என்பதைச் சுரண்டும்போது வியர்வை கண்ணில் இறங்கியது. "சாவிக்கு:" என்பதையும் எடுத்துவிட்டேன். மேலே இருந்த "தண்ணீர் காலை, மாலை ஆறு மணி" என்ற வரியை மட்டும் தொடவில்லை. அது எல்லாருக்கும் வேண்டும். உதிர்ந்த பெயிண்டைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு வீட்டுக்கு வந்து படுத்தேன். சாயங்காலம் ஆறு மணிக்கு, நான் எழுந்திருக்காமலே, மேலே தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.